ஷுங்கைட் என்கிற கருப்புக் கல்லைப் போட்ட தண்ணீரைக் குடிக்கலாமா?

#1 பணகுடிக் காற்று

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தெளிவுபடுத்த வேண்டும்.

சென்னையில் இருக்கும் அத்தான் போன மாதம் ஊருக்கு வந்தபோது அரைக் கிலோ கருப்புக் கல் வாங்கி வந்தார். பெயர் ஷுங்கைட், ரஷ்யாவில் கிடைப்பதாம். தண்ணீரைச் சுத்தமாக்கும், மூட்டு வலி போகும், சிறுநீரகத்துக்கு நல்லது, செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று அந்தப் பாக்கெட்டில் எழுதாத குணம் இல்லை. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வருடமாகச் சிறுநீரகத்துக்கு மருந்து சாப்பிடுகிறார்கள். மருமகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்பதால் அன்றைக்கே கல்லைக் குடத்தில் போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் தண்ணீர் மை கரைத்தது போல ஆனது. ஏழெட்டுத் தடவை கழுவிய பிறகு தெளிந்தது. இப்போது மூன்று நாள் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். எனக்கு அதில் லேசாக இரும்பு வாடை அடிக்கிறது. அம்மாவோ ருசி கூடியிருக்கிறது என்கிறார்கள். எங்கள் போர் தண்ணீர் ஒரே சவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,380 காட்டும். அதனால் குடிக்க கேன் தண்ணீர்தான். குடத்தில் ஊற்றுவதும் அதைத்தான்.

இது என்ன கல்? குடிக்கலாமா, கூடாதா?

#2 முக்கூடல் செல்வி

தம்பி, நான் ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. காலையில் எழுந்ததும் ஒரு செம்பு குடித்தால் வயிறு லேசாக இருக்கிறது. ரஷ்யாவின் மகா பீட்டர் மன்னரே இந்தக் கல் ஊறிய தண்ணீரைக் குடித்து உடம்பு தேறியவர். கல்லுக்குள் ஃபுல்லரின் என்ற பொருள் இருக்கிறது, அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். பயப்படாமல் கொடுங்கள்.

#3 தலையூத்துக் கல்

நிலவியல் படித்துவிட்டு இருபது வருடமாகச் சுண்ணாம்புக் கல் வேலையில் இருக்கிறேன். குடிக்கலாமா என்பதைத் தண்ணீர் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கல்லைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையிலேயே இது அபூர்வமான கல். விற்கிறவர்கள் சொல்கிற காரணத்தால் அல்ல.

ரஷ்யாவின் வடமேற்கில் கரேலியா என்ற பகுதி, அங்கே ஒனேகா ஏரி. அதன் கரையோரம் ஷுங்கா என்று ஒரு கிராமம். ஊர்ப் பெயர்தான் கல்லுக்கு வந்தது. 1879-இல் இனோஸ்திரான்ட்செவ் என்ற ரஷ்ய நிலவியலாளர் இந்தப் பெயரைக் கொடுத்தார். பார்க்க நிலக்கரி போல இருப்பதால் எரித்துப் பார்த்தவர்களும் உண்டு. சரியாக எரியவில்லை.

வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தில் பூமியில் மரம் கிடையாது, செடி கிடையாது, நிலத்தில் புல் கூட முளைக்கவில்லை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். நிலக்கரி என்றால் காடு புதைந்தது என்று படித்திருப்போம். இது காடே தோன்றாத காலத்துக் கரி. அந்த நுண்ணுயிர்கள் செத்துச் சேற்றில் படிந்து, சேறு புதைந்து சூடேறி, எண்ணெயாக மாறி, அந்த எண்ணெய் பாறை இடுக்குகளில் ஏறிக் கெட்டியாகி, கடைசியில் கரியாக நின்றது. கையில் வைத்திருப்பது கல்லாகிப்போன பெட்ரோல் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

சுத்தமான ஷுங்கைட்டில் 98 சதவீதத்துக்கு மேல் கார்பன். கண்ணாடி போலப் பளபளக்கும், உடைத்தால் சிப்பி வளைவாக உடையும், எளிதில் நொறுங்கும். இதை முதல் வகை என்பார்கள். கிடைப்பது குறைவு, விலை அதிகம். பெரும்பாலும் வெட்டி எடுப்பது மூன்றாம் வகை. அதில் கார்பன் 20 முதல் 35 சதவீதம், மீதி பெரும்பாலும் சிலிக்கா (மணலில் இருப்பது), கொஞ்சம் களிமண் கனிமங்கள், பைரைட். கடையில் விற்கும் பிரமிடு, உருண்டை, மாலை மணி எல்லாம் இந்த வகைதான். முதல் வகையை அப்படிச் செதுக்கப் போனால் கையோடு நொறுங்கிவிடும்.

இன்னொன்று. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய படிகம் இதில் இல்லை. அதனால் கண்டிப்பாகச் சொன்னால் இது கனிமம் ஆகாது, கனிமம் போன்றது. ஓப்பல், அம்பர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

#4 பணகுடிக் காற்று

அண்ணாச்சி, படிக்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஒரு சந்தேகம். நம் பக்கப் பாறைகளும் பழையவை என்று சொல்வார்களே, இங்கே ஏன் இந்தக் கல் கிடைக்கவில்லை?

#5 தலையூத்துக் கல்

நல்ல கேள்வி தம்பி. நம் மலைப் பாறைகளிலும் கார்பன் இருக்கிறது. ஆனால் அது கிராஃபைட்டாக, அதாவது பென்சில் முனையில் இருக்கும் கார்பனாக மாறிவிட்டது.

நாங்குநேரிக்கு மேற்கே களக்காடு, தெற்கே பணகுடி மலையடிவாரம், ஆரல்வாய்மொழி கணவாய், கேரள எல்லை வரை இருக்கும் பாறைகள் பூமிக்குள் மிக ஆழத்தில் வெந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் 800 டிகிரிக்கு மேல் சூடு, அதோடு கடும் அழுத்தம். அந்தப் பதத்தில் பழைய சேற்றில் இருந்த கரியெல்லாம் தாள் தாளாக அடுக்கிக்கொண்டு கிராஃபைட் ஆகிவிட்டது. கொண்டலைட் என்ற பாறையை உடைத்தால் சின்னச் சின்ன வெள்ளிச் செதிலாக மின்னுவது அதுதான். சிவகங்கைப் பக்கம் டாமின் என்ற தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம் வெட்டி எடுப்பதும் கிராஃபைட்தான்.

கரேலியாப் பாறைகள் அந்த அளவுக்கு வேகவில்லை. அரை வேக்காட்டில் நின்றுவிட்டன. அந்தக் கரியும் பிடிவாதக்காரக் கரி, உலையில் வைத்து எவ்வளவு சூடேற்றினாலும் முழுக் கிராஃபைட்டாக ஆவதில்லை. நிலக்கரியும் இல்லை, கிராஃபைட்டும் இல்லை, நடுவில் ஒன்று. எனக்கு இந்தக் கல்லின் மேல் இருக்கும் ஆசையே அதனால்தான்.

#6 பாளை வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பணகுடித் தம்பி, இன்றைக்கே அம்மா அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை நிதானமாகப் படியுங்கள்.

மேலே அண்ணாச்சி பைரைட் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இங்கே முக்கியம். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, தங்கம் போல மின்னும். தண்ணீரும் காற்றும் பட்டால் மெல்ல மெல்லக் கரைந்து கந்தக அமிலம் உண்டாகும், இரும்பு தண்ணீரில் இறங்கும். உங்களுக்கு அடித்த இரும்பு வாடை இதனால்தான் இருக்க வேண்டும். அமிலம் வந்த பிறகு கல்லில் இருக்கும் நிக்கல், செம்பு, துத்தநாகம், சில கற்களில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஷுங்கைட்டைக் குடிநீரில் ஊறவைத்துச் சோதித்தவர்கள் இந்த உலோகங்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும், வருகிற அமிலத்தை அதுவே அடக்கிவிடும். கேன் தண்ணீரில் அந்தக் காவல் இல்லை. சுத்தமான தண்ணீர் என்று நினைத்து ஊற்றியதால்தான் அமிலம் கூடுதலாக வேலை செய்கிறது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு உலோகங்களை வெளியே தள்ளுவதே சிரமம். அவர்கள் உடம்பில் போய் இதைச் சோதிக்கக் கூடாது.

அடுத்தது பீட்டர் மன்னர் கதை. அவர் கரேலியாவில் மார்சியல் ஊற்று என்ற இடத்தில் மருத்துவ நீர்விடுதி அமைத்தது உண்மை. ஆண்டு 1719. ரஷ்யாவில் அதுதான் முதல் நீர்விடுதி. ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். மார்ஸ் என்பது ரோமானியர்களின் போர்க் கடவுள், இரும்புக்கும் அவரே அதிபதி. அந்த ஊற்று நீர் இரும்புச் சத்துக்காகவே பேர் வாங்கியது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அது தெம்பு கொடுத்திருக்கும். ஷுங்கைட் என்ற பெயரே அதற்கு 160 வருடம் கழித்து வந்தது. மன்னர் இரும்புத் தண்ணீர் குடித்தார் என்பதை இந்தக் கல்லின் அற்புதமாக மாற்றி விற்கிறார்கள்.

#7 முக்கூடல் செல்வி

சார், நான் யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. எனக்கு நல்லது நடந்ததால் எழுதினேன். ஃபுல்லரின் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அது கிருமியைக் கொல்லும், உடம்பில் நச்சை எடுக்கும் என்று படித்தேன்.

#8 பாளை வாத்தியார்

செல்வியம்மா, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபுல்லரின் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் சேர்ந்தது ஃபுல்லரின். 1985-இல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். 1996-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அந்த மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்கு. ஷுங்கைட்டுக்கு அதில் பங்கு இல்லை.

1992-இல் பியூசெக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஷுங்காவிலிருந்து வந்த ஒரு மாதிரியில் இயற்கையான ஃபுல்லரின் இருப்பதாக 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பூமியிலேயே இது கிடைக்கிறது என்றதும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு வேறு மாதிரிகளில் தேடியவர்களில் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்த இடத்திலும் மிக மிகச் சொற்பம். பாக்கெட்டில் போடுகிற ஒவ்வொரு கல்லிலும் ஃபுல்லரின் நிரம்பி வழிகிறது என்பது உண்மை இல்லை.

ஒரு பேச்சுக்கு நிறைய இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல்லரின் தண்ணீரில் கரையாது. டொலுயீன் போன்ற கரைப்பானில் போட்டால்தான் அழகான ஊதா நிறமாகக் கரையும். குடத்தில் மூன்று நாள் கிடந்தாலும் அது கல்லைவிட்டு உங்கள் செம்புக்கு வராது.

#9 கங்கைகொண்டான் டவர்

செல்போன் கதிர்வீச்சு பற்றி ஒரு வார்த்தை. டவர் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன்.

ஷுங்கைட் மின்சாரம் கடத்தும். அதனால் ரேடியோ அலையை மறைக்கும் குணம் அதற்கு நிஜமாகவே உண்டு. பொடியாக்கிச் சிமெண்டில் கலந்து, ஒரு அறையின் சுவர், கூரை, தரை எல்லாம் கனமாகப் பூசினால் உள்ளே அலை குறையும். போனுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு ரூபாய்க் காசு அளவு வில்லையால் ஒன்றும் ஆகாது. அலை அதைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படியே அது தடுத்தாலும், சிக்னல் குறைந்ததும் போன் தன் பவரைக் கூட்டிக்கொள்ளும். டவர் எட்டாத மலையடிவாரத்தில் போன் சுடுகிறதே, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதே, அது இதனால்தான். குறைக்க ஒட்டியது கூட்டித்தான் விடும்.

#10 சிரட்டைக்கரி

தேங்காய்ச் சிரட்டைக் கரி தொழிலில் இருக்கிறேன். தண்ணீரைச் சுத்தமாக்க கார்பன் வேண்டும் என்றால் நம் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமா?

சிரட்டையைக் குழியிலோ டிரம்மிலோ காற்றுப் புகாமல் சுட்டால் கரி. அந்தக் கரியை 900 டிகிரிப் பக்கம் சூடாக்கி நீராவி செலுத்தினால் உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் விழும். அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். நல்ல சரக்கில் ஒரே ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம். வாடை, நிறம், குளோரின், பூச்சிமருந்து எச்சம் எல்லாம் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஷுங்கைட்டில் அந்தப் பரப்பு மிகவும் சொற்பம். வீட்டு ஃபில்டருக்குள் இருக்கும் கருப்புக் குச்சி பெரும்பாலும் நம் சிரட்டைதான்.

ஆனால் ஒன்று, எங்கள் சரக்கு என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். சவரை எந்தக் கரியும் எடுக்காது. உப்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, கரியில் ஒட்டாது. பணகுடித் தம்பியின் 1,380 சிரட்டைக்கரி போட்டாலும் 1,380தான். அதற்கு ஆர்.ஓ. வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். அடுப்புக் கரியை அப்படியே தண்ணீரில் போடுவதும் வேண்டாம், அது ஆக்டிவேட்டட் கிடையாது.

#11 அம்பை ஆத்துமேடு

மழைக்காலத்தில் ஆற்றில் செந்தண்ணி வரும்போது எங்கள் ஆச்சி தேற்றான் கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். விடிவதற்குள் கலங்கல் அடியில் படிந்துவிடும். அதுவும் மேலே சொன்ன கரியும் ஒரே வேலைதான் செய்கின்றனவா?

#12 பாளை வாத்தியார்

இல்லை தம்பி. தேற்றான் கொட்டை மிதக்கும் மண்ணைத் திரட்டிப் படியவைக்கும், கரி கரைந்திருக்கும் வாடையையும் நிறத்தையும் உறிஞ்சும். இரண்டும் கிருமியைக் கொல்லாது. அதனால் தெளிந்த தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். உங்கள் ஆச்சி செய்த காரியம் சரியான காரியம்.

#13 கருங்குளம் மைந்தன்

அப்படியானால் இந்தக் கல்லால் யாருக்குமே பிரயோஜனம் இல்லையா?

#14 தலையூத்துக் கல்

ஏன் இல்லை, நிறைய இருக்கிறது. குடத்தில் இல்லை, தொழிற்சாலையில்.

மூன்றாம் வகையில் கார்பனும் சிலிக்காவும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. இரும்பு உலையிலும், இரும்புக் கலப்பு உலோகம் செய்யும் ஃபெரோ அலாய் உலையிலும் இரண்டுமே தேவை. கோக் கரியையும் குவார்ட்ஸையும் தனித்தனியாகக் கொட்டுவதற்குப் பதில் ஒரே கல்லில் இரண்டும் ஒட்டியபடி கிடைத்தால் வினை சுலபமாக நடக்கும். சிலிக்கன் கார்பைடு செய்யவும் இதே காரணத்தால் உதவும். கார்பன் குறைவாக உள்ள ஷுங்கைட் களிப்பாறையைச் சூளையில் சுட்டால் பொரி போல உப்பும். அது எடை குறைந்த கான்கிரீட்டுக்கு நல்ல ஜல்லி. பொடி ரப்பரிலும் கருப்புப் பெயிண்டிலும் போகிறது. வெயில் பட்டாலும் வெளுக்காத கருப்பு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கசான் தேவாலயம், செயின்ட் ஐசக் தேவாலயம் இரண்டிலும் உள்வேலைக்கு அந்தப் பகுதியின் கருப்புக் கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரஷ்யாவில் நீர் வடிகட்டும் அமைப்புகளிலும் போடுகிறார்கள்தான். ஆனால் கழுவி, அளந்து, வருகிற தண்ணீரைச் சோதித்துச் செய்வது வேறு, குடத்தில் போட்டு மறந்துவிடுவது வேறு.

பணகுடித் தம்பி, உங்களிடம் இருப்பது அசலா என்று பார்க்க ஒரு வழி. ஒரு சின்ன பேட்டரி, ஒரு எல்.இ.டி., இரண்டு ஒயர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்லை வைத்துச் சுற்றை மூடுங்கள். எரிந்தால் ஷுங்கைட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. சாதாரண நிலக்கரியும் கருப்புக் கண்ணாடியும் எரியவிடாது. கிராஃபைட்டும் எரியவிடும், ஆனால் அது காகிதத்தில் பென்சில் போல வழுவழுவென்று எழுதும், நகத்தாலேயே கீறலாம். ஷுங்கைட் அவ்வளவு மென்மை இல்லை.

#15 பணகுடிக் காற்று

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வாத்தியார் சொன்ன அன்றே நிறுத்திவிட்டோம். அம்மாவுக்கு வருத்தம்தான். அத்தானுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அம்மாவிடம் நேராகவே பேசி, 'அத்தை, எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டேன், குடிக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் அம்மா சமாதானமானார்கள். சிறுநீரக டாக்டரிடமும் பாக்கெட்டைக் காட்டினோம். அவரும் வேண்டாம் என்றார்.

எல்.இ.டி. எரிந்தது. அசல்தான் போலிருக்கிறது.

கேன் தண்ணீர் டி.டி.எஸ். 55 இருந்தது, கல் போட்டு மூன்று நாளில் 140 ஆகிவிட்டது. சுத்தமாக்கும் கல் என்றால் குறைய வேண்டாமா? அமிலத்தன்மை பார்க்கும் தாளை நனைத்தேன் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). வெறும் கேன் தண்ணீர் 6.5, கல் போட்டது 5-க்கு வந்துவிட்டது. போர் தண்ணீரில் போட்ட கல்லால் தாளின் நிறமும் மாறவில்லை, 1,380-உம் மாறவில்லை. வாத்தியார் சொன்னது அப்படியே நடந்தது. கல் கிடந்த கேன் தண்ணீர் மாதிரியை ஒரு ஆய்வகத்தில் கொடுத்தோம். நிக்கல் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. இது அதிகமா?

#16 பாளை வாத்தியார்

அதிகம்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நிக்கல் 0.02 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது நான்கு மடங்கு. நிறுத்திவிட்டீர்கள், அதுவே போதும். அறிக்கையின் நகலை அடுத்த முறை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாள் குடித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

#17 முக்கூடல் செல்வி

தம்பி அளந்து பார்த்து எழுதியது நல்லதாகப் போயிற்று. நானும் நேற்று மீட்டர் வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஆற்றுத் தண்ணீர் 90, கல் கிடந்த பானையில் 160. எடுத்து வெளியே வைத்துவிட்டேன். என் தங்கச்சி வீட்டுக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கும் சொல்லிவிட்டேன். அம்மா உடம்பு எப்படி இருக்கிறது?

#18 பணகுடிக் காற்று

நன்றாக இருக்கிறார்கள் அக்கா. போன வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடவில்லை.

கற்களை அக்கா மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். எல்.இ.டி. எரிந்ததைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இருக்கும் கருப்பையெல்லாம் ஒயருக்கு நடுவில் வைத்துப் பார்க்கிறான். பென்சில் முனையை வைத்தபோது எல்.இ.டி. எரிந்தது. அடுப்புச் சிரட்டைக் கரி எரியவில்லை. ஷுங்கைட் எரியும்போது கரி ஏன் எரியவில்லை, அதுவும் கார்பன்தானே என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

#19 தலையூத்துக் கல்

சூடு பற்றவில்லை என்று சொல்லுங்கள். குறைந்த சூட்டில் வெந்த கரிக்குள் கார்பன் துண்டு துண்டாக நிற்கும், மின்சாரம் தாண்டிப் போகாது. இன்னும் பல நூறு டிகிரி ஏறினால்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஷுங்கைட்டில் பெரும்பகுதி சிலிக்காவாக இருந்தாலும் உள்ளே கரி வலை போல அறுபடாமல் ஓடுகிறது, அதனால் கடத்துகிறது. பக்கத்தில் கொல்லுப்பட்டறை இருந்தால் உலையில் நன்றாக வெந்து கிடக்கும் கரித்துண்டு ஒன்றை, ஆறிய பிறகு, வாங்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

#20 பணகுடிக் காற்று

வாங்கி வந்துவிட்டான் அண்ணாச்சி. எரிகிறது.